காற்றும் சட்டமும் – 9: கலிஃபோர்னியாவுக்கு மட்டும் ஒரு விலக்கு

அமெரிக்காவில் விற்கப்படும் புதிய காரின் புகைக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் வாஷிங்டனுக்கே உரியது. எந்த மாநிலமும் தனக்கென்று தனி வரம்பு வைத்துக்கொள்ளக் கூடாது. 1967ஆம் ஆண்டின் கூட்டரசுக் காற்றுத் தரச் சட்டம் இப்படிச் சொன்ன கையோடு ஒரு விலக்கையும் சேர்த்துக்கொண்டது. 1966 மார்ச் 30க்கு முன்பே புதிய வாகனங்களின் புகைக்குத் தர அளவு வகுத்திருந்த மாநிலம் விண்ணப்பித்தால், அதற்குரிய காரணங்கள் இருந்தாலன்றி அனுமதியை மறுக்கக் கூடாது என்பது அந்த விலக்கு. சட்டத்தில் எந்த மாநிலத்தின் பெயரும் இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் அப்படிச் செய்திருந்தது கலிஃபோர்னியா மட்டும்தான். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புவி வெப்பமாதல் பற்றி ஒரு மாநிலம் சட்டம் இயற்றத் துணிந்ததற்கும், அந்தச் சட்டம் பலமுறை தடுக்கி விழுந்ததற்கும் இந்த ஒற்றை வாக்கியமே காரணம்.

அந்த மாநிலம் மற்றவர்களை முந்திக்கொண்டதற்கு அதன் நில அமைப்பு ஒரு காரணம். லாஸ் ஏஞ்சலீஸ் மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த படுகையில் இருக்கிறது. கடல்மேல் குளிர்ந்த காற்றின் தலைமேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்துவிட்டால், கீழே வெளியாகும் புகை மேலெழ வழியின்றித் தங்கிவிடும். 1943 ஜூலையில் அப்படி ஒரு மூட்டம் நகரைச் சூழ்ந்தபோது, போர்க்காலம் என்பதால் ஜப்பானியர் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றே பலர் அஞ்சினர். அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்கான பூட்டாடையீன் தயாரித்த ஆலைமேல் பழி விழுந்தது. ஆலை நிறுத்தப்பட்ட பிறகும் கண் எரிச்சல் நிற்கவில்லை.

உண்மையான காரணத்தைக் கண்டவர் கால்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய டச்சு வேதியியலர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அதுவரை அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். எண்ணெய் நிறுவனங்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் மாநிலம் 1960இல் வாகன மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு வாரியத்தை அமைத்தது. 1966 மாடல் கார்கள் முதல் புகைக்குழாய் வழி வரும் ஹைட்ரோகார்பனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வரம்பு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல் வரம்பு.

நாடு முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்று டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஐம்பது மாநிலங்களுக்கு ஐம்பது வகை இயந்திரம் செய்ய எவராலும் முடியாது. அவர்களுக்காக மிச்சிகன் உறுப்பினர் ஜான் டிங்கெல் நாடாளுமன்றக் கீழவையில் வாதாடினார். கலிஃபோர்னியாவுக்காக மேலவையில் நின்றவர் ஜார்ஜ் மர்ஃபி. ஹாலிவுட்டில் ஆடிப்பாடி நடித்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். அதே ஆண்டு மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் காற்றுவள வாரியத்தை உருவாக்கிய மல்ஃபோர்ட்–கேரல் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநரும் ஒரு நடிகர்தான், ரொனால்டு ரேகன். இருவரும் குடியரசுக் கட்சியினர். வாரியத்தின் முதல் தலைவராக ஹாகன்-ஸ்மிட் பொறுப்பேற்றார். (அமெரிக்க மாநில ஆளுநர் நம் ஊர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், அரசின் நிர்வாகத் தலைவர். இந்த வரலாற்றில் ஆளுநர் என்று வரும் இடமெல்லாம் முதலமைச்சரை நினைத்துக்கொண்டால் குழப்பம் இராது.)

விலக்கு வெறும் சலுகையாக நின்றுவிடாமல் ஆயுதமானது 1977இல். மற்ற மாநிலங்கள் சொந்தமாகத் தர அளவு வகுக்கக் கூடாது, ஆனால் விரும்பினால் கலிஃபோர்னியாவின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டின் திருத்தம் அனுமதித்தது. ஆக நாட்டில் இரண்டே விதிகள்: ஒன்று வாஷிங்டனுடையது, மற்றது சாக்ரமென்டோவுடையது. நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டபோது, கலிஃபோர்னியாவின் வாரியம் எடுக்கும் முடிவுக்கு அந்த மாநிலத்தின் எல்லைக்கு வெளியேயும் பெரும் சந்தை உருவாயிற்று.

பருவநிலை பற்றிய முதல் சட்டம் சத்தமில்லாமல் வந்தது. பைரன் ஷேர் 1988இல் கொண்டுவந்த மசோதா, வெப்பமாதலால் மாநிலத்துக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்து அறிக்கை தருமாறு எரிசக்தி ஆணையத்தைப் பணித்தது, அவ்வளவுதான். 2000இல் அவரே கொண்டுவந்த இன்னொரு சட்டம், நிறுவனங்கள் தாமாக முன்வந்து தம் உமிழ்வைப் பதிவு செய்ய ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. இரண்டிலும் கட்டாயம் என்பதே கிடையாது.

கட்டாயத்தைக் கொண்டுவந்தவர் ஃபிரான் பேவ்லி. பள்ளி ஆசிரியையாக இருந்து, அகோரா ஹில்ஸ் என்ற சிறு நகரின் முதல் மேயராகி, மாநிலக் கீழவைக்கு வந்தவர். கார்கள் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களுக்கு வரம்பு விதிக்க வேண்டும் என்று ஒரு புதுமுக உறுப்பினர் மசோதா கொண்டுவந்ததை முதலில் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது மேலவையைத் தாண்டியதும் விழித்துக்கொண்ட கார் தொழில், வானொலியில் விளம்பரப் போர் தொடங்கியது: உங்கள் எஸ்யூவியைப் பிடுங்கப் போகிறார்கள், பெட்ரோலுக்கு வரி போடப் போகிறார்கள். ஜனநாயகக் கட்சி இதற்குக் கொடுத்த பதில் சாமர்த்தியமானது. அந்தப் பயங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள்ளேயே எழுதித் தடை செய்தார்கள். வாரியம் புதிய வரியோ கட்டணமோ விதிக்கக் கூடாது. எந்த வகை வண்டியையும் தடை செய்யக் கூடாது. எடையைக் குறைக்கச் சொல்லக் கூடாது. வேக வரம்பைக் குறைக்கக் கூடாது. ஓட்டும் தூரத்துக்கு எல்லை போடக் கூடாது. இப்படித் திருத்தி எழுதிய மசோதா மெல்லிய பெரும்பான்மையில் நிறைவேறி, 2002 ஜூலை 22 அன்று ஆளுநர் கிரே டேவிஸ் கையெழுத்தில் சட்டமானது.

செய்யக் கூடாதவற்றை இவ்வளவு விரிவாகச் சொன்ன சட்டம், செய்ய வேண்டியதை ஒரே வரியில் முடித்தது: செலவுக்குத் தகுந்த, முடிந்த அளவு அதிகமான குறைப்பு. எவ்வளவு என்ற எண் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை வாரியத்துக்குப் போயிற்று. வாரியப் பொறியாளர்கள் கியர்பெட்டி, வால்வு, ஏசி வாயு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டு, 2004 செப்டம்பரில் விதியை அறிவித்தனர். 2009 மாடல் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2016 மாடலுக்குள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைய வேண்டும். சட்டமன்றம் எண்ணை எழுதியிருந்தால் அந்த எண்ணின் மேலேயே வாக்குகள் உடைந்திருக்கும். எண்ணை எழுதாமல் விட்டதே மசோதாவைப் பிழைக்க வைத்தது என்று சொல்வது மிகையாகாது.

2004 முடிவதற்குள் கார் நிறுவனங்களும் விற்பனையாளர்களும் ஃபிரெஸ்னோ கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வாதம் கூர்மையானது. பெட்ரோல் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும். அதை வடிகட்டிப் பிடிக்கும் கருவி காரில் கிடையாது. ஆகவே அதைக் குறை என்றால் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் காரைச் செய் என்றே பொருள். எரிபொருள் சிக்கனத்துக்கு விதி செய்யும் உரிமையோ 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வாஷிங்டனுக்கு மட்டும்தான். இன்னொரு பக்கம், கார்பன் டை ஆக்சைடு மாசுப்பொருளே அல்ல என்று புஷ் நிர்வாகம் சொல்லிவந்தது. 2007 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இந்த இரண்டாவது வாதத்தை முறித்தது. பசுமை இல்ல வாயுக்களும் காற்று மாசுகளே என்றது மாசசூசெட்ஸ் தொடுத்த அந்த வழக்கின் தீர்ப்பு. முதல் வாதம் அதே ஆண்டு செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் விதியை எடுத்துக்கொண்டிருந்த வெர்மான்டிலும் டிசம்பரில் ஃபிரெஸ்னோவிலும் தோற்றது.

ஃபிரெஸ்னோ தீர்ப்பு வந்த மறு வாரம், டிசம்பர் 19 அன்று, கூட்டரசுச் சுற்றுச்சூழல் முகமையின் தலைவர் ஸ்டீஃபன் ஜான்சன், இந்த விதிக்குக் கலிஃபோர்னியா கேட்ட விலக்கை மறுத்தார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விலக்குக்கான நிபந்தனைகளில் ஒன்று, மாநிலத்தில் அழுத்தமான, அசாதாரணமான நிலைமை இருக்க வேண்டும் என்பது. லாஸ் ஏஞ்சலீஸின் புகைமூட்டம் அந்த ஊருக்கே உரியது. புவி வெப்பமாதல் உலகுக்குப் பொது. எனவே அது கலிஃபோர்னியாவின் தனி நிலைமை ஆகாது என்றார் ஜான்சன். முகமையின் சொந்த அலுவலர்கள் வேறு விதமாகவே பரிந்துரைத்திருந்தனர் என்பது பிறகு நடந்த நாடாளுமன்றக் கீழவைக் குழு விசாரணையில் வெளிப்பட்டது. புகைமூட்டத்துக்காக எழுதிய விதியில் பருவநிலையை ஏற்றியதன் பலவீனம் இங்கேதான் தெரிந்தது.

2009இல் ஒபாமா பதவியேற்றதும் மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டார். ஜூன் 30 அன்று விலக்கு கிடைத்தது. அதற்கு முன்பே, மே 19 அன்று, கலிஃபோர்னியாவின் அளவை ஒட்டி நாடு முழுவதற்கும் ஒரே விதி என்ற உடன்பாடு அறிவிக்கப்பட்டிருந்தது. கிரைஸ்லர் அப்போது திவால் நீதிமன்றத்தில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. அரசின் பணத்தில் உயிர்பிழைக்க வேண்டியிருந்த நிறுவனங்களுக்கு மேலும் வழக்காடத் தெம்பில்லை.

இதற்கிடையில் மாநிலம் காரைத் தாண்டிப் போய்விட்டது. 2005 ஜூன் 1 அன்று ஆளுநர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்னேகர் ஓர் ஆணை பிறப்பித்தார்: 2010க்குள் உமிழ்வு 2000ஆம் ஆண்டின் அளவுக்கும், 2020க்குள் 1990இன் அளவுக்கும் இறங்க வேண்டும், 2050க்குள் 1990இன் அளவில் 80 விழுக்காட்டைக் குறைத்திருக்க வேண்டும். ஆணை என்பது ஆளுநரின் விருப்பம். அடுத்த ஆளுநர் அதைக் கிழித்துப் போடலாம். அதைச் சட்டமாக்கும் வேலையைக் கீழவைத் தலைவர் ஃபேபியன் நூனியஸும் பேவ்லியும் எடுத்துக்கொண்டனர். 32ஆம் எண் கொண்ட கீழவை மசோதா, சுருக்கமாக ஏபி 32, அப்படிப் பிறந்தது.

இலக்கில் தகராறு பெரிதாக இல்லை. சண்டை முழுவதும் அதிகாரம் யார் கையில் என்பதில்தான் நடந்தது. ஷ்வார்ஸ்னேகர் பல துறைகள் சேர்ந்த ஒரு புதிய குழுவையும், உமிழ்வு உரிமத்தை வாங்கி விற்கும் சந்தையையும் விரும்பினார். ஜனநாயகக் கட்சி பழைய காற்றுவள வாரியத்தையே நம்பியது. சந்தை மேல் அதற்குச் சந்தேகம் இருந்தது. முடிவில் அதிகாரம் வாரியத்துக்குப் போயிற்று. சந்தையைப் பயன்படுத்தலாம், கட்டாயமில்லை என்று எழுதப்பட்டது. பேரழிவோ கடும் பொருளாதாரச் சேதமோ நேர்ந்தால் கெடுவை ஓராண்டு வரை ஒத்திவைக்கும் உரிமை ஆளுநருக்குக் கிடைத்தது. முந்தைய ஆண்டு நான்கு பொதுவாக்கெடுப்புகளில் தோற்று, மறுதேர்தலை எதிர்நோக்கியிருந்த ஷ்வார்ஸ்னேகர், 2006 செப்டம்பர் 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் டிரஷர் தீவில் கையெழுத்திட்டார். பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் காணொளி வழியே விழாவில் பேசினார்.

ஏபி 32 ஒரே ஒரு இலக்கைச் சொன்னது: 2020இல் உமிழ்வு 1990இன் அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவு எவ்வளவு என்று கணக்கிட்டதும் வாரியம்தான்; 2007 டிசம்பரில் அது 42.7 கோடி டன் என்று வைத்தது. சட்டத்தின் நுட்பம் எதை எண்ண வேண்டும் என்று சொன்ன இடத்தில் இருக்கிறது. மாநிலத்துக்குள் உற்பத்தியாகும் மின்சாரத்தை மட்டுமல்ல, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வையும் சேர்த்து எண்ணு என்றது. கலிஃபோர்னியாவுக்குள் நிலக்கரி மின்நிலையங்கள் மிகக் குறைவு. ஆனால் லாஸ் ஏஞ்சலீஸின் விளக்குகள் கணிசமாக யூட்டாவிலும் அரிசோனாவிலும் எரியும் நிலக்கரியில்தான் எரிந்தன. தன் வீட்டுப் புகையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுச் சுத்தம் என்று சொல்லிக்கொள்ள இச்சட்டம் இடம் தரவில்லை. ஏபி 32 வந்த ஆண்டிலேயே இயற்றிய துணைச் சட்டம் ஒன்றின் கீழ் வந்த விதி, ஒரு மெகாவாட் மணிக்கு 1,100 பவுண்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் மின்நிலையத்தோடு புதிய நீண்டகால ஒப்பந்தம் போடுவதைத் தடை செய்தது. வழக்கமான நிலக்கரி நிலையம் எதுவும் அந்த வரம்புக்குள் வராது. இலக்குகளைப் பற்றிப் பேசியவர்கள் இதை அதிகம் கவனிக்கவில்லை. நடைமுறையில் மாநிலத்தின் நிலக்கரித் தொடர்பை வெட்டியது இந்தச் சிறு சட்டமே.

ஏபி 32 எண்ணிய வாயுக்கள் ஆறு. டீசல் புகையின் கரித்துகள் ஒரு வாயு அல்ல என்பதால் பட்டியலில் சேரவில்லை. வெப்பமாதலில் இந்தக் கரிக்குள்ள பங்கை நீண்ட காலம் ஆராய்ந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, சான் டியேகோவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் பேராசிரியரான வீரபத்திரன் ராமநாதன். கரியையும் மீத்தேனையும் குறைப்பதற்கான தனிச் சட்டம் 2016இல்தான் வந்தது.

சட்டத்தை நடத்துவது, இயற்றியதைவிடக் கடினமாக இருந்தது. 2007 கோடையில் வாரியத்தின் தலைவர் ராபர்ட் சாயரை ஷ்வார்ஸ்னேகர் பதவி நீக்கினார். நிர்வாக அலுவலர் கேத்தரின் விதர்ஸ்பூன் விலகினார். வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஆளுநர் அலுவலகம் தலையிடுகிறது என்று இருவரும் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினர். உலக மேடைகளில் பருவநிலை வீரராக வலம்வந்த ஆளுநருக்கு இது சங்கடம். 1970களின் இறுதியிலும் இதே வாரியத்துக்குத் தலைமை வகித்திருந்த மேரி நிக்கோல்ஸை அவர் அழைத்துவந்தார். நிக்கோல்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். 2020 முடியும் வரை அந்த இடத்தில் இருந்தார்.

2008 டிசம்பரில் வெளிவந்த செயல்திட்டத்தில் பெரும்பகுதி நேரடி விதிகளே: பேவ்லி சட்டத்தின் கார் விதி, கார்பன் குறைந்த எரிபொருள், 33 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரம், கட்டட விதிகள். தேவைப்பட்ட மொத்தக் குறைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே உமிழ்வு உரிமச் சந்தையிடம் விடப்பட்டது. மொத்த உமிழ்வுக்கு ஆண்டுதோறும் இறங்கும் ஓர் உச்சவரம்பு. அதற்குள் டன்னுக்கு ஒன்று என உரிமங்கள். மிச்சம் வைத்தவர் விற்கலாம், மிஞ்சியவர் வாங்கலாம். ஆனால் எல்லா எதிர்ப்பும் இந்த ஐந்தில் ஒன்றின் மேல்தான் குவிந்தது.

முதல் எதிர்ப்பு இடப்பக்கத்திலிருந்து வந்தது. வில்மிங்டன், ரிச்மண்ட் போன்ற ஊர்களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள், லத்தீனியர், கறுப்பர். ஆலை உரிமத்தை வாங்கிக்கொண்டு பழையபடி புகைக்கலாம் என்றால், கார்பனோடு சேர்ந்து வரும் நச்சும் அங்கேயே தங்கும். கார்பன் எங்கே குறைந்தாலும் வானத்துக்கு ஒன்றுதான். அந்தத் தெருவில் இருப்பவரின் நுரையீரலுக்கு ஒன்றல்ல. அவர்களின் அமைப்புகள் 2009இல் தொடுத்த வழக்கில், மாற்று வழிகளை வாரியம் சரியாக ஆராயவில்லை என்று 2011இல் தீர்ப்பானது. அதற்குக் கைகொடுத்தது 1970இல் ரேகன் கையெழுத்திட்ட மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டம். வாரியம் ஆராய்ச்சியைத் திரும்பச் செய்து அதே முடிவுக்கு வந்தது. திட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. ஆனால் அந்தக் குரல் வீணாகவில்லை. ஏல வருவாயில் கால் பங்கு பின்தங்கிய பகுதிகளுக்குப் பயன்பட வேண்டும் என்று 2012இல் கெவின் டி லியோன் கொண்டுவந்த சட்டம் கட்டாயமாக்கியது.

வலப்பக்கத்து எதிர்ப்பு 2010 நவம்பர் தேர்தலில் வாக்குச்சீட்டுக்கே வந்தது. 23ஆம் முன்மொழிவு, மாநிலத்தின் வேலையின்மை தொடர்ந்து நான்கு காலாண்டுகளுக்கு 5.5 விழுக்காட்டைத் தாண்டாத நிலை வரும் வரை ஏபி 32ஐ நிறுத்திவைக்கச் சொன்னது. அப்போது வேலையின்மை 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. நல்ல காலத்திலேயே அபூர்வமான நிபந்தனை அது. நிறுத்திவை என்ற சொல்லுக்கு அங்கே கைவிடு என்றே அர்த்தம். பணத்தின் பெரும்பகுதி டெக்சஸின் எண்ணெய் நிறுவனங்களான வலேரோ, டெசோரோ இரண்டிடமிருந்து வந்தது. எதிர்ப் பிரசாரத்துக்குக் கூட்டாகத் தலைமை தாங்கியவர்கள் ரேகனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸும் முதலீட்டாளர் டாம் ஸ்டேயரும். மந்தம் உச்சத்தில் இருந்த அந்த நேரத்திலும் 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் முன்மொழிவை நிராகரித்தனர்.

அதே நாளில் அதே வாக்காளர்கள் 26ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அரசு விதிக்கும் பல கட்டணங்களை இனி வரியாகவே கருத வேண்டும், சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் விதிக்கக் கூடாது என்பது அது. வெற்றிக் கொண்டாட்டத்தில் இதைக் கண்டுகொண்டவர்கள் சிலரே. உமிழ்வு உரிமத்தை அரசு ஏலம் விட்டுப் பணம் வாங்கினால் அது விலையா, கட்டணமா, வரியா? ஏபி 32 சாதாரணப் பெரும்பான்மையில் வந்த சட்டம். 2012 நவம்பர் 14 அன்று முதல் ஏலம் நடந்தது; உரிமம் 10.09 டாலருக்குப் போயிற்று. அதற்கு முந்திய நாளே மாநில வணிகர் கழகம் வழக்குத் தொடுத்திருந்தது. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது வரி அல்ல என்றது. அதில் தலையிட மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது.

அந்தத் தீர்ப்பு நடந்துகொண்டிருந்த திட்டத்தைக் காப்பாற்றியது. 2020க்குப் பிறகு என்ன என்பதற்கு அதில் விடை இல்லை. 2030க்குள் 1990இன் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பு என்று 2016இல் புதிய இலக்கு சட்டமாகியிருந்தது. அதற்குச் சந்தையை நீட்டித்தால் 26ஆம் முன்மொழிவு குறுக்கே நிற்கக்கூடும். ஆளுநர் ஜெரி பிரவுன் நீதிமன்றத்தை நம்பியிருக்காமல் மூன்றில் இரண்டு பங்கைத் திரட்ட இறங்கினார். எண்ணெய்த் தொழிலுக்குச் சலுகை கொடுத்தார்: சந்தைக்குள் வரும் ஆலைகளின் கார்பனுக்கு உள்ளூர்க் காற்று மாவட்டங்கள் தனி விதி போட முடியாது. ஆலைகளைச் சுற்றி வாழ்பவர்களுக்காக உள்ளூர் மாசைக் கண்காணிக்கும் சட்டம் ஒன்று கூடவே வந்தது. 2017 ஜூலை 17 இரவு மசோதா கீழவையில் 55 வாக்குகளும் மேலவையில் 28 வாக்குகளும் பெற்றது. தேவைப்பட்டவை 54, 27. கீழவையில் குடியரசுக் கட்சியினர் ஏழு பேர் ஆதரித்தனர். அவர்களை அழைத்துவந்த அக்கட்சியின் கீழவைத் தலைவர் சாட் மேயஸ் அடுத்த மாதமே தலைமைப் பதவியை இழந்தார்.

(தொடரும்)